புலியைச் சுட்டவர் புலிக்குக் காவலரானார்

1930-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பகுதி. இன்று அது உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஓர் ஓடைப் பள்ளத்தில் ஒருவர் மெல்ல நடந்து கொண்டிருந்தார். அவருடைய வலது கையில் துப்பாக்கி. இடது கையில் இரண்டு முட்டைகள்!

அவை பக்கிக் குருவியின் முட்டைகள். அவருக்குப் பறவை முட்டைகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. வழியில் கண்டதை எடுத்துக் கொண்டார்.

ஒரு பெரிய பாறையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தார். எட்டே அடி தூரத்தில் புலி படுத்திருந்தது! சௌகர் பெண் புலி அது. அந்தப் புலியும் அதன் குட்டியுமாகச் சேர்ந்து 64 பேரைக் கொன்றிருந்தன. குட்டி முன்பே சுடப்பட்டுவிட்டது. தாய் மட்டும் மிச்சம்.

இடது கையில் முட்டைகள் இருந்ததால் இரண்டு கைகளாலும் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. வலது கையால் மட்டும் அதை அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். வெடுக்கென்று அசைந்திருந்தால் புலி பாய்ந்திருக்கும். ஒரே குண்டு. புலி சாய்ந்தது.

பிறகு அவர் செய்ததுதான் விசேஷம். திரும்பிப் போய், முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார். அரை மணி நேரத்தில் தாய்க் குருவி வந்து அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டது.

அவர்தான் ஜிம் கார்பெட்.

ஓட்டைத் துப்பாக்கி

1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நைனிடாலில் கார்பெட் பிறந்தார். தந்தை அந்த ஊர்த் தபால் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்து போனார். குளிர் காலம் வந்தால் குடும்பம் மலையை விட்டு இறங்கி, காலாதுங்கி என்ற ஊரில் இருந்த வீட்டுக்கு வந்துவிடும். வீட்டைச் சுற்றிலும் காடு.

நம் ஊர்ச் சிறுவர்கள் ஓணான் அடிப்பது போல, சிறுவன் ஜிம் உண்டிவில்லால் குருவி அடித்தான். பிறகு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. குழல்களையும் கட்டையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக் கொண்டிருந்த உறவினர் ஒருவர் அதைக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குப் பறவைகளைச் சுட்டுக் கொடுக்க வேண்டும்!

ஒரு நாள் அந்தத் துப்பாக்கியோடு இலந்தைப் புதர் ஒன்றை எட்டிப் பார்த்தான் சிறுவன். மறுபக்கம் புலி ஒன்று எழுந்து நடந்தது. அவனை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு தன் வழியே போய்விட்டது. புலி காரணமில்லாமல் மனிதனைத் தாக்காது என்று பிற்காலத்தில் அவர் எழுதியபோது இந்தச் சம்பவத்தை மறக்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரெயில்வே வேலைக்குப் போனார். ரெயில் என்ஜினுக்கு விறகு வெட்டுவதை மேற்பார்வை செய்வது முதல் வேலை. காட்டைக் காத்தவர் என்று பெயர் எடுத்தவர் மரம் வெட்டித்தான் முதல் சம்பளம் வாங்கினார்! பிறகு கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்த வேலை. அதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

புலியின் உடைந்த பல்

1907-ல் சம்பாவத் பெண் புலியைச் சுட்டார். அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. புறப்படும் முன் சர்க்காருக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலிக்கு அறிவித்த சன்மானத்தை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். காசுக்காகச் சுட்டான் என்ற பெயர் அவருக்கு வேண்டாம்.

செத்துக் கிடந்த புலியின் வாயைப் பார்த்தார். வலது பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. காட்டு மிருகங்களைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைத் தின்னத் தொடங்கியது. 436 உயிர்கள் போனதற்கு ஆரம்பம் ஒரு மனிதன் கையில் இருந்த துப்பாக்கி!

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் 125 பேரைக் கொன்ற ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-ல் ஒழித்தார். அந்தத் தேடலின் நடுவிலும் ஆற்றில் தூண்டில் போட அவருக்கு மனம் இருந்தது. மஷீர் என்ற பெரிய மீன் என்றால் அவருக்கு உயிர். நம் காவிரியிலும் அந்த இனத்து மீன் உண்டு.

தூண்டில்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். இளம் வயதில் எத்தனை மீன் என்று எண்ணுவார்கள். சற்று முதிர்ந்தால் எவ்வளவு பெரிய மீன் என்று பார்ப்பார்கள். தலை நரைத்த பிறகு, ஆற்றில் மீன் இருக்கிறதா என்று கவலைப்படுவார்கள். கார்பெட்டும் அந்த வழியில்தான் போனார்.

மனம் மாறியது எப்போது?

ஒரு நாள் ராணுவ அதிகாரிகள் மூவரை வாத்து வேட்டைக்கு அழைத்துப் போனாராம். அவர்கள் சுட்டுத் தள்ளிய பறவைகள் 300. எதற்காக என்று அவர் மனம் கசந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சாம்பியன் என்ற வன அதிகாரி காட்டில் எடுத்த புலிப் படங்களும் அவரைக் கவர்ந்தன. 1928-ல் நண்பர் ஒருவர் சினிமாக் காமிரா பரிசளித்தார்.

உடனே துப்பாக்கியைப் போட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. முட்டைகளைத் திருப்பி வைத்த அதே 1930-ல், பவால்கர் காட்டில் பேர் பெற்ற பெரிய ஆண் புலியைச் சுட்டார். அது யாரையும் தின்ற புலி அல்ல. நீளம் 10 அடி 7 அங்குலம். அந்தப் பெருமைக்காகத்தான் சுட்டார். பழைய ஆசை அவ்வளவு எளிதில் விடுமா?

காமிராவில் புலியைப் பிடிப்பது சுடுவதைவிடக் கடினமாக இருந்தது. காமிராவின் 'கிர்ர்' சத்தம் கேட்டாலே புலி ஓடிவிடும். கார்பெட் ஒரு யோசனை செய்தார். சிறு ஓடையில் குட்டி அணைகள் கட்டினார். தண்ணீர் விழும் சலசலப்பில் காமிராச் சத்தம் அமுங்கியது. பத்து ஆண்டு பாடுபட்டு, ஏழு புலிகளைப் பட்டப் பகலில் படம் பிடித்தார். சுவரில் தொங்கும் தோலை அதன் சொந்தக்காரர்தான் ரசிப்பார். படத்தை எல்லோரும் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு.

1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்தக் காட்டில் அமைந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் கார்பெட்டும் ஒருவர். ஆட்கொல்லிகளை மட்டும் அவர் விடவில்லை. 1938-ல் தக் கிராமத்துப் பெண் புலியைச் சுட்டபோது அவருக்கு வயது 63.

1947-ல் தமக்கை மேகியுடன் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்குப் போனார். கார்பெட் திருமணம் செய்து கொள்ளவில்லை. காலாதுங்கி அருகே அவர் வாங்கிக் குடியமர்த்திய சோட்டி ஹல்துவானி கிராமத்தை, அங்கே உழுதவர்களுக்கே விட்டுக் கொடுத்தார். கடல் கடந்து போன பிறகும் அந்த நிலங்களுக்கு வரி கட்டி வந்தார்.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி கென்யாவில் காலமானார். சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டத்தை அரசாங்கம் அந்தக் காட்டில்தான் தொடங்கியது. காலாதுங்கி வீடு இப்போது காட்சிச் சாலை.