கண்ணுக்குத் தெரியாத ஒளி

வில்லியம் ஹெர்ஷல் 1738ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தை இராணுவ இசைக்குழுவில் பணியாற்றியவர். தந்தையின் வழியில் இசை பயின்ற ஹெர்ஷல், 1757இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே இசை கற்பித்தும், பாத் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் வாழ்க்கை நடத்தினார்.

பகலில் இசை அவருக்குச் சோறு போட்டது. இரவில் வானம் அவரை ஈர்த்தது. பெரிய தொலைநோக்கி வாங்கப் போதிய பணமில்லை. ஆகவே, உலோகத்தை உருக்கி, தொலைநோக்கிக்கான ஆடிகளைத் தாமே செய்தார். ஒருமுறை, பதினாறு மணிநேரம் கையை எடுக்காமல் ஆடியை மெருகேற்றினார். தங்கை கரோலின்தான் அவருக்கு உணவு ஊட்டினார். இவ்வாறு தம் கையால் செய்த தொலைநோக்கியைக் கொண்டே 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார்.

1800ஆம் ஆண்டு, வண்ணக் கண்ணாடிகளின் வழியே சூரியனை ஆராய்ந்தபோது, கண்ணாடிக்குக் கண்ணாடி வெப்பம் மாறுபடுவதை உணர்ந்தார். எந்த நிறத்தில் வெப்பம் அதிகம் என்று அறிய விரும்பினார். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பல நிறங்களாகப் பிரித்து, அந்நிறங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் கூடியது. சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் அது இன்னும் கூடியது! அதைப் பிழை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. மீண்டும் மீண்டும் சோதித்தார். அவர் கண்டறிந்த அந்தக் கதிர்களையே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

அக்காலத்தில் சீரிஸ், பாலஸ் என்னும் இரு சிறிய வான்பொருள்கள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. தொலைநோக்கியில் அவை விண்மீன்களைப் போல வெறும் புள்ளிகளாகவே தெரிந்தன. ஆகவே, 1802இல் ஹெர்ஷல் அவற்றுக்கு ‘விண்மீன் போன்றவை’ எனப் பொருள்படும் ‘ஆஸ்டராய்டு’ என்ற பெயரை வழங்கினார். தமிழில் அவற்றைச் சிறுகோள்கள் என்கிறோம்.

ஹெர்ஷல் 1822இல் காலமானார். அவர் கண்ட கதிர்களே சிறுகோள்களின் இரகசியத்தை வெளிப்படுத்தும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. சிறுகோளின் மீது படும் சூரிய ஒளியில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அங்கே நீர் கலந்த களிமண் போன்ற கனிமங்கள் இருந்தால், ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை அவை உறிஞ்சிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியில் அப்பகுதி மட்டும் மங்கியிருக்கும். அந்த அடையாளத்தைக் கொண்டே, 2018இல் அமெரிக்க விண்கலம் ஒன்று பென்னு என்னும் சிறுகோளில் நீர் கலந்த கனிமங்கள் இருப்பதைக் கண்டறிந்தது. பூமிக்கு நீர் எவ்வாறு வந்தது என்பதை ஆராய இத்தகைய செய்திகள் உதவுகின்றன.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009இல் விண்ணில் செலுத்திய அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு ஹெர்ஷலின் பெயரே சூட்டப்பட்டது. சீரிஸைச் சுற்றி நீராவி இருப்பதை அந்தத் தொலைநோக்கியே கண்டறிந்தது. எதிர்பாராத விடையையும் பொறுமையோடு ஆராய்ந்த ஒருவரின் உழைப்பு, இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் உலகிற்குப் பயன் தருகிறது.