இருப்புப் பாதையிலே ஒரு மனிதன்

போலந்து நாட்டுத் திரைப்படம் என்றதும் ஆன்ட்ஷெய் வாய்டாவின் பெயரே பலருக்கும் நினைவுக்கு வரும். அவரோடு ஒப்ப வைத்து எண்ணத் தக்க மற்றொருவர் ஆன்ட்ஷெய் முங்க். நம் சங்கத்து அன்பர்களிற் பலர் ரயில்வே ஊழியராதலின், அன்னாரின் சரிதையை இம்மலரில் எழுதுவது பொருத்தமெனக் கருதினோம்.

முங்க் 1921-ஆம் ஆண்டில் கிராக்கோ நகரில் யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். ஜெர்மானியர் ஆதிக்கத்தில் வார்சாவில் மறைந்து வாழ்ந்து, 1944-இல் அந்நகரில் மூண்ட கிளர்ச்சியிற் பங்கு கொண்டார். பின்னர் காஸ்ப்ரோவி மலையின் கம்பிவட ரயிலில் வேலை பார்த்தார். (அதுவும் ஒருவகை ரயில்வே உத்தியோகந்தானே!) கட்டடக் கலையும் சட்டமும் பயிலத் தொடங்கி விட்டுவிட்டு, முடிவில் வூட்ஜ் நகரத்துத் திரைப்படக் கல்லூரியில் 1951-இல் தேர்ச்சி பெற்றார். 1953-இல், சரக்கு வண்டியொன்றைக் குறித்த நேரத்தில் உருக்காலைக்குக் கொண்டு சேர்க்கும் ரயில்வேக்காரர்களைப் பற்றிச் செய்திப்படம் எடுத்தார்.

அவர் புகழை நாட்டியது 1957-இல் வெளிவந்த 'இருப்புப் பாதையிலே மனிதன்'. ஓய்வு பெற்ற என்ஜின் டிரைவர் ஓஷெகோவ்ஸ்கி இரவில் ரயில் மோதி மாண்டு போகிறார். அருகிலுள்ள கைகாட்டியில் ஒரு விளக்கு அணைந்து கிடக்கிறது. சதி செய்தார் என்று ஐயம். விசாரணை கூடுகிறது. கிழவர் கண்டிப்பானவர், முன்கோபி; புதிய முறைகளை எதிர்த்தவர். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு விதமாகச் சாட்சி சொல்கிறார். அவரிடம் பயர்மேனாயிருந்து வசை கேட்ட இளைஞன் மற்றொரு விதமாகச் சொல்கிறான். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் இறந்தவர் வேறொரு மனிதராகத் தோன்றுகிறார். முடிவில் உண்மை புலனாகிறது. இரண்டு விளக்குகள் எரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒன்று அணைந்தமையால் தடையின்றிச் செல்லலாம் என்று கைகாட்டி பொய் சொல்லி நின்றது. வண்டியை நிறுத்தவே கிழவர் பாதையில் நின்றார்.

விசாரணைக் காகிதங்களை நகலெடுத்தே தலை நரைத்த நமக்கு இப்படம் வெறுங்கதையன்று. செத்தவன் பதில் மனுப் போடமாட்டான். பழி அவன்மீது எளிதில் ஏறிவிடும். அன்றைய போலந்தில், பழைய காலத்து மனிதனைச் சதிகாரனென்று சந்தேகிப்பதே ஆட்சியாளர் மனப்பான்மையாயிருந்தபோது இவ்வாறு படமெடுக்கத் துணிவு வேண்டும். 1957-இல் கார்லோவி வாரி விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது.

அதன்பின் 'எரோய்க்கா' (1958), 'கோணல் அதிருஷ்டம்' (1960) என்னும் படங்களில் வீரம் என்னும் சொல்லையே நகைத்துச் சோதித்தார்.

அவுஷ்விட்ஸ் முகாமிற் கைதியாயிருந்த ஸோஃபியா போஸ்மிஷ் எழுதிய கதையைப் 'பயணி' என்னும் படமாக எடுத்துக் கொண்டிருந்தபோது, 1961 செப்டம்பர் 20-ஆம் நாள் வோவிச் அருகே மோட்டார் விபத்தில் முங்க் மாண்டார். நாற்பது வயது நிறைய ஒரு மாதங்கூட இல்லை. முகாமிற் காவலாயிருந்த ஜெர்மானியப் பெண், பல்லாண்டுகள் கழித்துக் கப்பலில் ஒருத்தியைக் கண்டு, தன்னிடம் கைதியாயிருந்தவளோ என நடுங்குகிறாள், இதுவே கதை. அதன் முடிவை முங்க் எவ்வாறு அமைத்திருப்பாரென ஒருவரும் அறியார். நண்பர் வித்தோல்ட் லெசியேவிச் 1963-இல் படத்தை வெளியிட்டபோது தாமாக ஒரு முடிவைக் கற்பிக்கவில்லை. கப்பற் காட்சிகளை அசையாப் படங்களாகவே வைத்து, மறைந்தவர் சார்பிற் பேச மறுத்து, கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவிட்டார்.