ராம்கிங்கர் பைஜ்

வங்காளத்துப் பாங்குரா என்னும் ஊரில், 1906ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், எளிய குடும்பமொன்றிலே ராம்கிங்கர் பைஜ் பிறந்தார். சிற்பம் பயில அவருக்குப் பள்ளியேதும் வாய்க்கவில்லை. அண்டையில் தெய்வப் பிரதிமைகளைக் களிமண்ணால் வனைவோரை நோக்கி நின்றதே முதற்பாடமாயிற்று. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் தேசத் தலைவர்களின் படங்களை எழுதிவந்த அவ்விளைஞரின் திறமையைப் பத்திரிகாசிரியர் ராமானந்த சட்டர்ஜி கண்டறிந்தார். அவர் முயற்சியால் 1925இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்திற் சேர்ந்து, நந்தலால் போஸிடம் பயின்று, பின் அங்கேயே ஆசிரியருமானார்.

ஆளுயரத்தினும் பெரிய உருவங்களைத் திறந்த வெளியில் நிறுத்த வேண்டுமென்பது அவரது அவா. சலவைக்கல்லும் வெண்கலமும் வாங்கப் பொருளில்லை. களிமண்ணோ மழைக்கு நில்லாது. ஆனால் அவ்வூர் நிலமெங்கும் செம்புறைச் சரளை மலிந்து கிடந்தது. வீதிக்குக் கொட்டுவதன்றிச் சிற்பத்துக்கு அஃது ஆகுமென்று எவர் நினைப்பர்? அதனையே வாரிச் சிமெண்டுடன் குழைத்தார். இரும்புக் கம்பியாற் கூடு கட்டி, அக்கலவையைக் கையால் எறிந்து அப்பி, இறுகுமுன் கரணையாற் செதுக்கித் திருத்துவார். சிமெண்டு எவருக்காகவும் காத்திராது. கை தயங்கினால் உருவம் கெடும். அவர் சிற்பங்களிற் காணும் விரைவும் முரட்டுத்தன்மையும் இதனாலும் வந்தனவென்றே எமக்குத் தோன்றுகிறது. பணமில்லையென்று சித்திர வகுப்பை வெறுமனே கழிக்கும் நண்பர்கள் இவ்விடத்தைச் சற்றே ஊன்றிப் படிப்பாராக.

1935இல் மரங்களினூடே மரம்போல் நெடிதுயர்ந்த சுஜாதையைச் சமைத்தார். 1938இல் எழுந்தது சந்தால் குடும்பம். ஆண், பெண், குழந்தை, உடன் ஒரு நாய். தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து பிழைப்புத் தேடிப் புறப்படுகின்றனர். அரசரும் தலைவரும் நின்ற பீடத்திற் கூலியாளரை அத்துணைப் பெரிதாக நிறுத்தியது அந்நாளிற் புதுமை. 1956இல் ஆலைச்சங்கு கேட்டு, ஈரச்சேலை காற்றிற் பறக்க விரைந்தோடும் இரு பெண்களைச் செய்தார், அதுவும் அச்சரளையே.

விலையுயர்ந்த கல் பின்னர்க் கிடைத்தபோது தொல்லையும் உடன் வந்தது. புதுதில்லி ரிசர்வ் வங்கி வாயிலுக்குரிய யக்ஷன், யக்ஷி சிலைகள் முடியப் பத்தாண்டுக்கு மேலாயின.

1970இல் பத்மபூஷண் விருது பெற்றார். எனினும் குடிலின் கூரை ஒழுகியபோது, தாம் எழுதிய தைலவர்ணப் படங்களையே செருகி மழையைத் தடுத்தவர் அவர். 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் கல்கத்தாவிற் காலமானார். சந்தால் குடும்பம் சாந்திநிகேதனத்தில் இன்றும் நிற்கிறது. அருகிற் சென்றால் சரளைக்கற்களை ஒவ்வொன்றாய் எண்ணலாம்.