புனித தோமையார்: பரங்கிமலையில்தான் உயிரிழந்தாரா? வரலாற்று ஆய்வாளர்கள் இடையே முடியாத விவாதம்

தாம்பரத்தில் இருந்து சென்னை கடற்கரைக்கு மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு, பழவந்தாங்கல் தாண்டியதும் வரும் பரங்கிமலை நிலையம் நன்றாகத் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான மலையின் உயரம் சுமார் 300 அடிதான். ஆனா, அந்தச் சின்ன மலையைச் சுற்றி நடக்கும் விவாதம் ரொம்பப் பெரியது.

இயேசுவின் 12 சீடர்களில் ஒருவரான தோமா, கி.பி. 72-இல் இந்த மலையில்தான் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அவர் இந்தப் பக்கமே வரவில்லை என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். உண்மையில் யார் இந்த தோமா? அவரைப் பற்றி என்னென்ன ஆதாரங்கள் இருக்கின்றன?

யார் இந்த தோமா?

அரமேய மொழியில் தோமா என்றால் இரட்டையர் என்று அர்த்தம். பைபிளில் அவரைப் பற்றிய குறிப்புகள் குறைவு. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்னவர் அவர். அதனால்தான் 'சந்தேக தோமா' என்ற பெயரும் அவருக்கு வந்தது.

அதன் பிறகு அவர் எங்கே போனார் என்று பைபிள் சொல்லவில்லை. விவாதம் தொடங்குவதே இங்கேதான்.

கேரளா சொல்லும் கதை

கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது இது: கி.பி. 52-இல் தோமா கொடுங்கல்லூர் அருகே கரை இறங்கினார். நம்ம சங்க இலக்கியம் சொல்லும் முசிறித் துறைமுகம் இருந்த பகுதி அது. அங்கே ஏழு தேவாலயங்களை நிறுவினார். பிறகு கிழக்குக் கரைக்கு வந்து, மயிலாப்பூரில் உயிர்விட்டார்.

சென்னையில் இந்தக் கதை மூன்று இடங்களோடு இணைந்திருக்கிறது. எதிரிகளிடம் இருந்து தப்பி அவர் ஒளிந்திருந்தது சைதாப்பேட்டை சின்னமலைக் குகை. கொல்லப்பட்டது பரங்கிமலை. அடக்கம் செய்யப்பட்டது சாந்தோம்.

பழைய நூல் சொல்வது வேறு

தோமாவின் இந்தியப் பயணத்தை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள எடெசா பகுதியில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது.

இதன்படி, தோமாவுக்கு இந்தியாவுக்கு வரவே விருப்பம் இல்லை. ஹப்பான் என்ற வியாபாரியிடம் அடிமையாக விற்கப்பட்டுத்தான் வருகிறார். தச்சு வேலை தெரிந்த அவரிடம் அரண்மனை கட்டச் சொல்லி குந்தபார் என்ற அரசர் பணம் கொடுக்க, அதை ஏழைகளுக்கே கொடுத்துவிடுகிறார். உங்கள் அரண்மனை சொர்க்கத்தில் கட்டப்படுகிறது என்பதுதான் அரசருக்கு அவர் தந்த விளக்கம். கடைசியில் மஸ்தாய் என்ற வேறொரு அரசரின் உத்தரவுப்படி, ஒரு மலையில் நான்கு வீரர்கள் அவரை ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள்.

இதை வெறும் கட்டுக்கதை என்றுதான் நீண்ட காலம் பலர் நினைத்தார்கள். ஆனால், 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான் பகுதியில் கிடைத்த பழைய நாணயங்களில் கோண்டோபர்னஸ் என்ற அரசரின் பெயர் இருந்தது. குந்தபார் உண்மையிலேயே வாழ்ந்த ஒருவர், அதுவும் முதல் நூற்றாண்டுக்காரர் என்பது உறுதியானது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் ஆண்டது தட்சசீலம் உள்ளிட்ட வடமேற்குப் பகுதி. மயிலாப்பூருக்கும் அதற்கும் ரொம்ப தூரம். தோமா வந்ததே உண்மை என்றாலும், வந்தது வடமேற்கு இந்தியாவுக்குத்தான் என்று ஒரு தரப்பு வாதிட இதுவே காரணம்.

தெற்கே வந்திருக்க வாய்ப்பே இல்லையா?

வாய்ப்பு இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிக்கும் தென்னிந்தியாவுக்கும் கடல் வணிகம் உச்சத்தில் இருந்தது. மிளகு வாங்க முசிறிக்குக் கப்பல்கள் வந்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் ரோமானியத் தொடர்புக்கான பொருட்கள் கிடைத்தன. எனவே, பாலஸ்தீனத்தில் இருந்து ஒருவர் கப்பலேறி கேரளாவுக்கு வருவது அன்று நடக்கக்கூடிய காரியம்தான்.

ஆனால், வர முடியும் என்பது வேறு, வந்தார் என்பது வேறு. அவர் வந்ததற்கு முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டோ, நூலோ எதுவும் கிடைக்கவில்லை.

உடல் எங்கே இருக்கிறது?

தோமாவின் எலும்புகள் இந்தியாவில் இருந்து எடெசாவுக்குக் கொண்டுவரப்பட்டதாக 4-ஆம் நூற்றாண்டு சிரியாக் கவிஞர் எப்ரேம் பாடியிருக்கிறார். பின்னர் அவை கியோஸ் தீவுக்குப் போய், 1258-இல் இத்தாலியின் ஓர்தோனா நகரை அடைந்தன என்பது அந்த ஊரின் மரபு. அங்கிருந்து ஒரு எலும்புத் துண்டு 1953-இல் கொடுங்கல்லூருக்குக் கொண்டுவரப்பட்டது.

ஆனாலும், சோழமண்டலக் கரையில் அவருடைய கல்லறை இருப்பதாக 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் பயணி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வழிபட வந்ததாகவும் சொல்கிறார். போர்த்துகீசியர் வருவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நம்பிக்கை இங்கே இருந்தது என்பதற்கு இது முக்கியமான சாட்சி.

ஆனால், அவர் சொல்லும் மரணம் வேறு. மயிலைக் குறிவைத்து வேடன் விட்ட அம்பு தவறுதலாகப் பட்டு தோமா இறந்தார் என்பதே அது. அதில் ஈட்டியும் இல்லை, கொலைச் சதியும் இல்லை.

போர்த்துகீசியர் வந்த பிறகு என்ன ஆனது?

1523-இல் மயிலாப்பூரில் போர்த்துகீசியர் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகள், ஈட்டியின் இரும்பு முனை, மண் நிரம்பிய பானை ஆகியவை கிடைத்ததாகப் பதிவு செய்தார்கள். ஆனால், நேரில் பார்த்தவர்களிடம் முறைப்படி வாக்குமூலம் வாங்கியது 1533-இல்தான். இந்த 10 ஆண்டு இடைவெளி ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்விக்குறி.

1547-இல் பரங்கிமலை உச்சியில் தேவாலயத்துக்காகத் தோண்டியபோது, எழுத்துகள் பொறித்த கல் சிலுவை ஒன்று கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று அங்கே பூசை நடந்துகொண்டிருந்தபோது, அந்தச் சிலுவையில் இரத்தம் போல வியர்த்தது என்று தேவாலய மரபு சொல்கிறது. கடைசியாக 1704-இல் அப்படி நடந்ததாகவும் சொல்கிறார்கள்.

கல்வெட்டில் இருந்தது என்ன?

போர்த்துகீசியர் காலத்தில் பண்டிதர் ஒருவர் அந்த எழுத்துகளைப் படித்து, அது தோமாவின் வரலாறு என்று சொன்னதாகக் குறிப்புகள் இருக்கின்றன. அதுவே பெரிய ஆதாரமாகவும் பேசப்பட்டது.

1873-இல் ஏ.சி. பர்னெல் என்ற ஆய்வாளர், அது பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து என்று விளக்கினார். சிலுவையின் காலம் சுமார் 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டு என்றும் கணித்தார். பிறகு வந்த அறிஞர்கள் அதை வெவ்வேறு விதமாகப் படித்தாலும், அது ஒரு சிறிய பிரார்த்தனை வாசகம் என்றே கருதுகிறார்கள். அதில் தோமாவின் பெயர் இல்லை. இதே வகைச் சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் உள்ளிட்ட இடங்களிலும் உள்ளன.

அதாவது, தோமா இங்கே இறந்தார் என்பதை அந்தக் கல் நிரூபிக்கவில்லை. ஆனால், போர்த்துகீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் வழிபட்டதைக் காட்டுகிறது.

இந்த விவாதம் இன்றும் ஏன் சூடாக இருக்கிறது?

2006 செப்டம்பரில் போப் 16-ஆம் பெனடிக்ட் ஆற்றிய உரையில், தோமா மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவை அடைந்தது என்ற பொருள் வந்தது. கேரளத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு வாடிகன் அந்த வாசகத்தைத் திருத்தியே வெளியிட்டது. தங்கள் சமூகத்தைத் தொடங்கி வைத்தவரே தோமாதான் என்று நம்புகிறவர்களுக்கு, இது வெறும் புவியியல் கேள்வி இல்லை.

மறுபக்கம், மயிலாப்பூரில் கடலோரம் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்ற வாதமும் வலுவாக இருக்கிறது. எனவே, தோமா கதை காலனி ஆட்சியில் ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்று சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்போ, எதை உறுதியாகச் சொல்லலாம்?

இங்கே இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் பிரச்னை. தோமா பரங்கிமலையில் இறந்தாரா என்பது ஒன்று. இந்தியக் கிறிஸ்தவம் ஐரோப்பியர் கொண்டுவந்ததா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு இன்றுள்ள ஆதாரங்களை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு முதல் நூற்றாண்டுச் சான்று வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெளிவு. மலபார் கரையில் கிறிஸ்தவர்கள் இருப்பதாக 6-ஆம் நூற்றாண்டிலேயே காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதியிருக்கிறார். கொல்லத்தில் ஒரு தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்ததைச் சொல்லும் தரிசாப்பள்ளி செப்பேடு, கி.பி. 849-ஐச் சேர்ந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததோ 1498-இல். தோமா இங்கே வந்தார் என்று ஒருவர் நம்பினாலும், வரவில்லை என்று மறுத்தாலும், இந்த வரிசை மாறப்போவதில்லை.