ஒரே பந்தியை நாடிய அசரியா அத்தியட்சர்

திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில், 1874-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் குருவொருவர்க்கு மகவாய்ப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் கற்றார்; 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சராகி, அச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரெனும் பேறு பெற்றார். இவை பலரும் அறிந்தனவே. யாம் கூறப்புகுவது திருவிருந்தைக் குறித்து அவர் மேற்கொண்ட பணியை.

அப்பமும் திராட்சரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாய் மாறுகின்றன என்பர் கத்தோலிக்கர். மாறாமலே அவற்றில் அவர் மெய்யாய் உளர் என்பர் லூத்தரர். விசுவாசத்தால் ஆவிக்குரியவாறு உண்கின்றோம் என்பர் கால்வின் வழியினர்; நினைவுகூருதலே என்பாரும் உளர். 1529-இல் மார்பர்க் நகரில் லூத்தரும் ஸ்விங்ளியும் இதுபற்றியே உடன்பாடின்றிப் பிரிந்தனர். அவ்வழக்கிற்கும் நம் வெள்ளகோவில் உழவனுக்கும் யாது தொடர்பு? ஆயினும் மிஷன்களோடு அது கொங்குநாட்டிற்கும் வந்தது. கோயம்புத்தூரில் இலண்டன் மிஷனார்க்கொரு பந்தி, லூத்தரர்க்கொரு பந்தி, கத்தோலிக்கர்க்கொரு பந்தி என்றாயிற்று.

1919 மே மாதம் தரங்கம்பாடியிற் கூடிய குருமார் 33 பேருக்கு அசரியா முன்னின்றார். விளக்கங்கள் ஒன்றாதல் வேண்டுமென அவர்கள் கேட்டிலர். வேதாகமம், இரு விசுவாசப்பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், அத்தியட்சர் முறை ஆகியவற்றையே அடிப்படையாக்கினர். 1927-இல் லொசான் மாநாட்டில், பிரிவினை மேனாட்டார்க்குப் பலவீனமேயாயினும் நம் நாட்டில் அது பாவமென அவர் எடுத்துரைத்தார். அத்தியட்சர் கைவைத்துப் பட்டம் பெறாதார் நடத்தும் பந்தியில் ஆங்கிலிக்கர் அமரலாமோ என்னும் வாதத்தில் ஆண்டுகள் பல கழிந்தன. அப்பத்தினும் அதனைப் பிட்கும் கையே பெரிதாயிற்றுப் போலும்!

1945 ஜனவரி 1-இல் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. கொங்குநாட்டு இலண்டன் மிஷன் சபைகள் அதிற் சேர்ந்தன, லூத்தரர் சேர்ந்திலர்.