சார்லஸ் ஐவ்ஸ்

சார்லஸ் எட்வர்ட் ஐவ்ஸ் (அக்டோபர் 20, 1874 - மே 19, 1954) ஓர் அமெரிக்கச் செவ்வியல் இசையமைப்பாளர் ஆவார். ஆயுள் காப்பீட்டுத் தொழிலில் ஈடுபட்டிருந்த இவர், ஓய்வு நேரங்களில் இசை எழுதினார். இவரது இசைக் கையெழுத்துப் படிகள் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

வாழ்க்கை

ஐவ்ஸ் கனெடிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஐவ்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இராணுவ வாத்தியக் குழுவொன்றை நடத்தியவர். மகனின் முதல் இசை ஆசிரியரும் அவரே. ஐவ்ஸ் 1898 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனமொன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். பின்னர் ஜூலியன் மைரிக்குடன் இணைந்து நடத்திய முகவர் நிறுவனம் பெரும் வெற்றி பெற்றது. 1908 இல் ஹார்மனி ட்விச்செலை மணந்தார்.

வெவ்வேறு சுருதிகளும் தாளங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இவரது இசையை அக்காலத்தில் வாசிக்க முன்வந்தோர் மிகச் சிலரே. 1918 இல் கடுமையாக நோயுற்ற ஐவ்ஸ், அதன்பின் கான்கார்ட் சொனாட்டாவையும் 114 பாடல்கள் கொண்ட தொகுப்பையும் சொந்தச் செலவில் அச்சிட்டு வழங்கினார். 1920களின் பிற்பகுதிக்குப் பின் புதிய படைப்பு ஏறக்குறைய எதையும் எழுதவில்லை. பழையவற்றைத் திருத்துவதைத் தொடர்ந்தார்.

1939 இல் ஜான் கிர்க்பாட்ரிக் என்ற பியானோ கலைஞர் கான்கார்ட் சொனாட்டாவை நியூயார்க்கில் முழுமையாக வாசித்தது திருப்புமுனையாக அமைந்தது. பல்லாண்டுகள் மேடையேறாதிருந்த மூன்றாம் சிம்பொனி 1946 இல் முதன்முதலாக இசைக்கப்பட்டு, மறு ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றது.

கையெழுத்துப் படிகள்

ஐவ்ஸ் மறைந்தபோது அவரது படைப்புகளில் பல கையெழுத்து வடிவிலேயே இருந்தன. அவற்றுள் பென்சிலால் எழுதப்பட்ட, அடித்தல் திருத்தல் மிகுந்த வரைவுகள் ஏராளம். 1955 இல் ஹார்மனி இவற்றை யேலுக்கு வழங்கினார். சிதறிக் கிடந்த தாள்களை ஒழுங்குபடுத்திய கிர்க்பாட்ரிக் 1960 இல் விரிவான பட்டியலை வெளியிட்டார். நான்காம் சிம்பொனி முழுமையாக முதன்முறை இசைக்கப்பட்டது 1965 இல்தான். அப்போது ஐவ்ஸ் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

காலம் குறித்த விவாதம்

ஐரோப்பியப் புதுமையாளர்களை ஐவ்ஸ் முந்திவிட்டார் என்ற புகழ், அவர் தம் படைப்புகளுக்குக் குறித்த ஆண்டுகளைச் சார்ந்திருந்தது. அந்த ஆண்டுகளின் நம்பகத்தன்மையை மேனார்ட் சாலமன் 1987 இல் கேள்விக்குள்ளாக்கினார். பின்வந்த ஆய்வாளர்கள் தாளின் வகையையும் கையெழுத்தின் மாற்றங்களையும் ஒப்பிட்டுக் காலத்தைக் கணித்தனர். சில படைப்புகள் ஐவ்ஸ் கூறியதற்குப் பிந்தியவை என்றும், வேறு பல அவர் கூறிய காலத்தையே ஒட்டியவை என்றும் இவ்வாய்வுகள் காட்டின. ஐயத்தைத் தீர்க்கவும் அவர் விட்டுச்சென்ற தாள்களே சான்றாயின.