கிஃப்ட் சிரோமணி

கிஃப்ட் சிரோமணி (1932 – 1988) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர், புள்ளியியல் பேராசிரியர், தொல்லெழுத்து ஆய்வாளர் ஆவார். வீட்டு வாசலில் இடப்படும் கோலங்களைச் சில எளிய விதிகளிலிருந்து விரியும் சிக்கலான வடிவங்களாக விளக்கிய ஆய்வுகளுக்காகக் கணினி அறிவியலில் இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். இவரது மனைவி இராணி சிரோமணி (1929 – 2021) அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தார். இருவரும் இணைந்து பல ஆய்வுக் கட்டுரைகளை எழுதியுள்ளனர்.

பட மொழிகள்

1950களில் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி, ஒரு குறிக்குப் பதிலாக வேறு குறிகளை இடும் விதிகளின் தொகுப்பாக இலக்கணத்தை வகுத்தார். சில விதிகளே எண்ணற்ற தொடர்களைத் தரவல்லவை. ஆனால் தொடர் ஒரே திசையில் நீள்வது. படமோ அகலமும் உயரமும் உடையது. இச்சிக்கலுக்குக் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1972 இல் ஒரு தீர்வை முன்வைத்தனர். அதன்படி முதலில் கிடையாக ஒரு வரிசை உருவாகும். பின்னர் அவ்வரிசையின் ஒவ்வொரு குறியும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளர்ந்து ஒரு நிரலாகும்.

கோல ஆய்வு

1974 இல் இம்மூவரும் இத்தகைய இலக்கணங்களைக் கோலங்களுக்குப் பொருத்திக் காட்டினர். கோலங்கள் பல, ஒரே விதியால் வளரும் குடும்பங்களாக அமைகின்றன. எடுத்துக்காட்டாக, 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைக்கப்படும் புள்ளிகள் மொத்தம் 25. நடுவரிசையை 9 ஆக்கி அதே முறையில் வைத்தால் 41 புள்ளிகள் கிடைக்கும். விதி மாறுவதில்லை, கோலம் மட்டும் பெரிதாகிறது.

புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து செல்லும் கம்பிக் கோலத்தை இவர் வேறு வகையில் அணுகினார். நேராகச் செல்லுதல், இடப்புறம் திரும்புதல், வலப்புறம் திரும்புதல் போன்ற சில நகர்வுகளுக்குக் குறிகள் கொடுத்தால், கோலம் முழுவதையும் ஒரு குறித்தொடராக எழுதிவிடலாம். தொடங்கிய புள்ளிக்கே திரும்பும் இழைக்கு, முதலும் முடிவும் அற்ற சுழல் தொடர்களைத் தரும் இலக்கணம் ஏற்றதாக அமைந்தது.

கோலம் பெண்கள் தாயிடமும் பாட்டியிடமும் பார்த்துப் பழகி நினைவில் காத்துவந்த கலையாகும். அதில் முறையான கணிப்பு அறிவு அடங்கியுள்ளது என்பதைக் கணித அடிப்படையில் நிறுவியதே இவ்வாய்வுகளின் சிறப்பு.

பிற ஆய்வுகள்

அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி மூலம் அடையாளம் காணும் முறை குறித்து 1978 இல் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களுள் இவரும் ஒருவர். சிந்துவெளி எழுத்துகள், தமிழ்ப் பிராமி, மாமல்லபுரச் சிற்பங்கள் ஆகியவற்றையும் ஆராய்ந்துள்ளார்.

மறைவும் தாக்கமும்

இவர் 1988 இல் காலமானார். அடுத்த ஆண்டு, இந்தியக் கணினியியல் முன்னோடி இரா. நரசிம்மன் பதிப்பித்த நினைவு மலர் வெளிவந்தது. கம்பிக் கோலம் பற்றி இவர் பிறருடன் எழுதிய கட்டுரை அதில் இடம்பெற்றது. அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 2002 இல் எழுதிய கட்டுரையின் வழியாக இக்கோல ஆய்வுகள் பரவலான வாசகர்களைச் சென்றடைந்தன.